பத்திய மீன்

தபஜோஸ் ஆற்றுத்துறை,
மழைத் தொடக்கம்.

அன்பு மகன் ஜெனிவால்டோவுக்கு,

உன் மனைவி ருசிலேனின் தலைமுடியில் பாதரசம் இருக்கிறது. இருக்கலாம் என்கிற அளவைவிடப் பல மடங்கு என்று சுகாதார நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு இது ஏழாம் மாதம். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது.

நடந்தது இதுதான். போன மாதம் நம் துறையில் ஓர் ஆற்று டால்பின் வலையில் சிக்கிச் செத்தது. "திருட்டுப்பய, என் வலையக் கிழிச்சே வளந்தான்" என்று வலைக்குச் சொந்தக்காரர் அடெமார் அதைக் காலால் தள்ளினார். சாந்தரேம் நகரத்திலிருந்து ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி வந்து அறுத்துப் பார்த்தாள். வயிறு முழுக்கத் துகுனரே மீனின் முள். "இது தின்ன மீனத்தானே நீங்களும் தின்னுறீங்க" என்று, அதன் சதையோடு நம் பெண்களின் முடியையும் பரிசோதனைக்கு வெட்டிக்கொண்டு போனாள். இரண்டிலும் பாதரசம்.

துகுனரே பிள்ளைத்தாய்ச்சிக்குப் பத்திய மீன். செதிள் மீன், உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்றுதான் நம் வீடுகளில் கொடுப்பார்கள். என் மீன் வியாபாரத்துக்கு வந்த சரக்கில் நல்லதாகப் பார்த்து, விற்காமல் அவளுக்கென்று நானே எடுத்து வைத்தேன். ஆனால் அது மீனைத் தின்று வளரும் மீன். சின்ன மீன்களின் உடம்பில் இருக்கும் விஷமெல்லாம் அதில் போய்ச் சேருகிறதாம். பழம் தின்னும் மீனில் குறைவாம். இத்தனை வருடம் சந்தையில் பேரம் பேசியவள் நான். அந்தப் பெண் சொன்ன அளவில் ஒரு துளி குறைக்க முடியவில்லை. குழந்தைக்கு என்ன ஆகும் என்று கேட்டால், "பொறந்து வளரும்போதுதாம்மா தெரியும்" என்கிறாள்.

ருசிலேன் அழவில்லை. "அப்போ நானும் டால்பினும் ஒரே பந்தியிலதான் சாப்பிட்டிருக்கோம், அத்தை" என்று சிரித்தாள். இப்போது பழந்தின்னி மீன்தான் சமைக்கிறேன். ஒவ்வொரு வாய்க்கும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குகிறாள்.

மேலாற்றில், தங்கம் அரிக்கும் மிதவையில் நின்று, பொன்துகளைப் பிடிக்கக் கலந்து நீ எரிக்கும் பாதரசம்தான் இங்கே வந்து சேர்கிறது. நீ ஒருவன் விட்டுவிட்டால் ஆறு சுத்தமாகிவிடாது, எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை எப்படிப் பிறந்தாலும், கையில் வாங்க நீ இருக்க வேண்டும்.

உன் முதலாளி ஒசிமாரிடம் நேரே போய்ப் பேசினேன். "ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு கோடை இருக்கே. இப்பவே பையன விட்டா எனக்கென்ன லாபம், சுலெய்டியம்மா?" என்று இழுத்தார். கடைசியில் இறங்கிவந்தார்.

கடவுள் உன் மூச்சைக் காக்கட்டும். வரும்போது தங்கம் எதுவும் கொண்டுவராதே.

பேசி முடித்தது இது: சனிக்கிழமைப் படகில் நீ வீட்டுக்கு. பனிக்கட்டியில் மீன் ஏற்றிவரும் என் பெரிய படகு, இயந்திரத்தோடு, அவருக்கு. இனி அது மிதவைகளுக்குப் பாதரசம் ஏற்றும்.

உன் அம்மா
சுலெய்டி