நான் வந்த வீடும் நீங்கள் வந்த வீடும்

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் இருமல் குறைந்ததா? போனில் என்றால் உம்மா பக்கத்தில் இருப்பார். அதனால் எழுதுகிறேன்.

பேராதனையில் அறை கிடைத்துவிட்டது. முதுமாணிப் பட்ட வகுப்பு அடுத்த வாரம்தான் தொடங்குகிறது. நேற்று, உதவி என்று நினைத்து, வீட்டுக்கார நளீமா ராத்தாவின் குசினியை மாற்றி அடுக்கிவைத்தேன்.

"டீச்சர், சீனிய எங்க ஒளிச்சு வெச்சீங்க? இது என்ட குசினி" என்றார்.

சிரித்துக்கொண்டே அறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். பயப்படாதீர்கள்.

நிந்தவூரில் பெண்கள் நாங்கள் கல்யாணம் முடித்தும் பிறந்த வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் வருகிறார். நாற்பத்து மூன்று வயதில்தான் முதன்முதலாகப் பிறர் வீட்டில் இருக்கிறேன். வந்த புதிதில் நீங்கள் தேத்தண்ணிகூடக் கேட்டதில்லை. "மருமகனுக்கு வாயே இல்ல புள்ள" என்று உம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். இன்று உம்மா உங்களிடம் கேட்காமல் அந்த வளவில் ஒரு தேங்காய்கூடப் பறிக்கமாட்டார். எப்படிச் செய்தீர்கள் என்று வியந்துகொண்டிருக்கிறேன்.

கண்டி பஸ்ஸில் என் தலையணையை அனுப்பிவிடுங்கள். திரும்பி வந்துவிடலாமா என்றும் நினைத்தேன். முதல் மாதத்தை எப்படித் தாங்கினீர்கள் என்று, உம்மா இல்லாத நேரம் பார்த்துச் சொல்லுங்கள். கேட்டுவிட்டுத்தான் உடுப்புப் பெட்டியைத் திறப்பேன்.

ராத்தா சாப்பிடக் கூப்பிடுகிறார்.

முஸ்பிறா