ஆண்டுக் கூட்டத்தில் என் கேள்வி

14.9.1999, செவ்வாய்

பங்குதாரர்கள் நிறுவனங்களை ஏன் கேள்வி கேட்பதில்லை என்பது என் ஆய்வு. அதற்காகவே கொஞ்சம் பங்குகள் வாங்கி, இன்று ஓர் ஆண்டுக் கூட்டத்துக்குப் போனேன். அந்த நிறுவனத்தின் ஆலைக் கழிவு கங்கையில் கலப்பதைப் பற்றி அறிக்கையில் ஏன் ஒரு வரிகூட இல்லை என்று கேட்க நினைத்திருந்தேன்.

நிதி இயக்குநர் என் பழைய மாணவன். மேடையிலிருந்து இறங்கி வந்து, எல்லோர் முன்னிலும் என் காலைத் தொட்டான். "மேடம் சொல்லிக்குடுத்த கணக்குதான் இதெல்லாம்" என்றான். சபை கைதட்டியது.

என் முறை வந்ததும் எழுந்து, "அறிக்கை ரொம்பத் தெளிவா இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பின்வரிசையிலிருந்த வங்காளிப் பெரியவர் என்னை அக்கா முறையில் அழைத்து, "நல்லதா முடிச்சீங்க திதி. வாங்க, மிஷ்டி இனிப்புப் பாக்கெட் தீர்ந்துடும்" என்றார்.

வீட்டில் இவர், "கேட்டியா?" என்றார். நேரம் கிடைக்கவில்லை என்றேன்.

ஆய்வுக் குறிப்பில் 'யாரும் கேட்கவில்லை' என்று எழுதிவிட்டேன். காரணம் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறது.