எட்டேகால் மணி அப்பொலின்

ஆகஸ்டு 29, செவ்வாய்

சிவப்புப் பென்சிலைச் சீவி வைத்தேன். நாளை நவநாள் தொடக்கம். ஒன்பது நாளும் பிள்ளைகள் மாதாவுக்குப் பூப் போடுவார்கள். செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாள், மோந்தி பண்டிகை. புதுக் கதிர், கரும்பு, கூட்டம். பூசைக்குப் பூசை ஐந்து மன்றாட்டுகள். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கோவிலுக்கு மன்றாட்டு எழுதுவது நான். எதுவும் இருபது சொல்லைத் தாண்டாது. கன்னியர் மடத்துப் படிப்பு வீண்போகக் கூடாது.

மாலையில் புதிய பாதர் வலேரியன் வந்தார். ஸ்கூட்டரை என் குரோட்டன்ஸ் தொட்டிமேல் சாய்த்தார். சொன்னேன், எடுத்தார். இந்த வருடம் ஏழைப் பிள்ளைகளுக்காகவும் அநியாயத்துக்கு ஆளானவர்களுக்காகவும் வேண்டப்போகிறோமாம். நல்ல காரியம். ஆனால் பண்டிகை நாளின் ஐந்தாம் மன்றாட்டை அந்தப் பிள்ளைகளில் ஒன்றே எழுதி வாசிக்க வேண்டுமாம்.

"பதவு மேட்டுல கல் குவாரி லைன் வீடுங்க இருக்குல்ல மேடம், ஜார்க்கண்ட்ல இருந்து வந்தவங்க. நம்ம சபை ஆளுங்கதான். சலோமின்னு ஒரு பொண்ணு, ஏழாவது படிக்குது. கன்னடம் அழகா எழுதும்."

"எழுதட்டும். ஆனா எங்கிட்ட வந்துட்டுத்தான் போகணும்."

"அதுக்குத்தான் நானும் பயந்தேன்," என்றார் பாதர். கோலிபஜே போண்டா நாலு சாப்பிட்டார்.

ஆகஸ்டு 30, புதன்

முதல் நாள். எங்கள் பிள்ளைகள் செம்பருத்தி, சாமந்தி, கனகாம்பரம் கொண்டுவந்தார்கள். குவாரிப் பிள்ளைகள் ஐந்து பேர் மேட்டில் மழைக்காலத்தில் முளைக்கும் பொடி நீலப் பூவை ஒரு டப்பாவில் தண்ணீரோடு கொண்டுவந்தார்கள். "புல்லையா மாதாவுக்குப் போடறது?" என்று கேட்டேன். என் வீட்டுச் சமையல்காரி லூசி, "மாதா என்ன பூக்கடையா வச்சிருக்கா?" என்றாள். அவளுக்கு வர வர வாய் கூடுகிறது.

கரும்பு இந்த வருடம் டென்சில் தருகிறான். இறந்துபோன என் தம்பியின் மகன். எனக்குப் பிள்ளை இல்லாத குறையை அவன்தான் தீர்க்கிறான். அவன் வாங்கிய முதல் பஸ்ஸுக்கு என் அம்மாவின் பெயர், அப்பொலின். முன்கண்ணாடிக்கு மேலே சிவப்பில் எழுதியிருக்கும். நாடா வெட்டியது நான்.

ஆகஸ்டு 31, வியாழன்

பேய் மழை. மைக் வேலை செய்யவில்லை. என் குரல் வேலை செய்தது.

செப்டம்பர் 1, வெள்ளி

சலோமியின் தாள் வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"ஆண்டவரே, காலையில எட்டேகால் அப்பொலின் பஸ் பதவு முக்குல எங்களுக்காக நிக்கணும். கண்டக்டர் அண்ணன் எங்கள பாத்ததும் ரெண்டு விசில் அடிக்கிறாரு, டிரைவர் அண்ணன் நிக்காம போறாரு. நாங்க அஞ்சு பேருதான். காலத் தொடச்சிட்டு ஏறுவோம். ஆமென்."

இது மன்றாட்டா, புகாரா? அதுவும் என் அம்மாவின் பெயரைப் போட்டு! இரண்டு கோடு போட்டு அடித்தேன். பின்பக்கத்தில் எழுதினேன்: "கல்வி தேடிச் செல்லும் வழியில் இடர்ப்படும் ஏழைச் சிறார் அனைவருக்கும் உமது இரக்கத்தின் கதவுகள் திறக்கும்படி ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்." பதினைந்து சொல். திருப்தி.

செப்டம்பர் 2, சனி

சலோமியை வரச்சொல்லி வாசிக்கப் பழக்கினேன். ஒல்லிப் பெண். இறுக்கப் பின்னிய இரட்டைச் சடை. நிமிர்ந்து நிற்கிறாள், ஊர் வழக்கப்படி மரியாதையாகப் 'பாயம்மா' என்கிறாள், இரண்டும் எனக்குப் பிடித்தது. முழுவதும் வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல பஸ் எங்க பாயம்மா?"

"எந்த பஸ்ஸுன்னு கடவுளுக்குத் தெரியும்."

"கடவுளுக்குத் தெரியும். கண்டக்டர் அண்ணனுக்குத் தெரியாதே? அவரும் பூசைக்கு வருவாருல்ல?"

பேசாமல் மனப்பாடம் செய் என்றேன். லூசி கதவுக்குப் பின்னால் இருமினாள். அது இருமல் இல்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

டென்சில் மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். பன்றிக் கறி, சன்னாஸ் இட்லி. பஸ் அந்தப் பிள்ளைகளுக்கு நிற்பதில்லையா என்று கேட்டேன்.

"அத்தை, யாரு சொன்னது? நம்ம பஸ் எல்லாருக்கும் நிக்கும். அந்தப் பசங்க லேட்டா வந்துட்டுப் பழிய நம்ம மேல போடுதுங்க."

அதைத்தான் நானும் நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் யாரும் பொய் சொல்வதில்லை. அவனுக்கு இன்னும் இரண்டு சன்னாஸ் வைத்தேன்.

செப்டம்பர் 4, திங்கள்

சலோமியின் அம்மா பிலிசிதா வந்தாள். கையில் கல் தூள், சாயம் போன சேலை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பாயம்மா, சலோமிய உங்க வீட்டு வேலைக்கு வச்சுக்குங்க. சாப்பாடு போட்டாப் போதும்."

"அவ படிக்கிறாளே?"

"எங்க படிக்கிறா? பஸ் நிக்கறதில்ல. அந்த நேரத்துக்கு அது ஒண்ணுதான். நடந்து போறதுக்குள்ள கேட்ட மூடிடறாங்க, திரும்பி வந்துடுறா. போன மாசம் பாதி நாள் வீட்லதான். குவாரி லைன்ல வயசுப் பொண்ண சும்மா வச்சிருக்க முடியுமா? உங்க வீடுன்னா பயமில்ல. நீங்க வேணாம்னா மங்களூர்ல ஒரு வீட்ல கேக்கறாங்க."

லூசிக்கு மூட்டு வலி. ஒரு சின்னப் பெண் இருந்தால் வசதிதான் — இல்லை என்று எழுதினால் பொய். பண்டிகை முடியட்டும், சொல்கிறேன் என்றேன்.

இன்றைய நான்காம் மன்றாட்டு: "வறுமையால் பள்ளி இழந்து பிறர் வீடுகளில் உழைக்கும் பிள்ளைகளுக்காக." நான் எழுதியது. நானே வாசித்தேன். நடுவில் வரி தவறிவிட்டது. மழை இருட்டு, அதனால்தான்.

செப்டம்பர் 5, செவ்வாய்

நேரில் பார்த்துவிடுவது என்று எழுந்தேன். என் அம்மாவின் பெயர்மேல் பழி வந்தால் அதை நான்தான் துடைக்க வேண்டும். வெளிர்நீலப் பட்டு உடுத்திக் குடையோடு எட்டு மணிக்குப் பதவு முக்கில் நின்றேன். பிள்ளைகள் ஐந்து பேரும் ஏற்கெனவே நின்றார்கள். லேட்டாக வருகிறார்களாம்!

"பாயம்மா, நீங்க கொஞ்சம் தள்ளித் தனியா நில்லுங்க," என்றாள் சலோமி. "உங்களுக்கு நிக்கும். எங்களோட நின்னா நிக்காது."

நான் ஏன் தள்ளி நிற்க வேண்டும்? நகரவில்லை. கையை நீட்டினேன்.

வந்தது. என் அம்மாவின் பெயர் வளைவில் திரும்பி வந்தது. இரண்டு விசில். போயேவிட்டது! நான் நிற்கிறேன், கை நீட்டிக்கொண்டு நிற்கிறேன் — நானு! குழியில இருந்த செம்மண் தண்ணி பூரா என் பட்டுச் சேலைமேல. பின்பக்கத்துலயும் அப்பொலின்னு எழுதியிருக்கு, அதையும் பாத்துக்கிட்டே நின்னேன்.

பிள்ளைகள் என் சேலையைத் தங்கள் கைக்குட்டைகளால் துடைத்தார்கள். சலோமி, "சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

அவர்களோடு நடந்தேன். நாலு கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். எழுபத்துமூன்று வயதுக்கு மோசமில்லை. வழியில் சலோமி என் மன்றாட்டைத் தடையில்லாமல் ஒப்பித்துக் காட்டினாள். "இரக்கத்தின் கதவுகள்" என்று அவள் சொல்லும்போது பள்ளிக்கூட கேட் வந்துவிட்டது. மூடியிருந்தது.

எனக்குத் திறந்தார்கள். ஐந்து பேரும் என் பின்னால் நுழைந்தார்கள். நாளைக்கு யார் பின்னால் நுழைவார்கள்?

செப்டம்பர் 6, புதன்

முழங்கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. லூசி தன் தைலத்தைக் கொடுத்தாள். "இப்ப நாம ரெண்டு பேரும் ஒரே சங்கம்," என்றாள்.

டென்சில் கரும்பு லாரியோடு வந்தான். முகம் வாடியிருந்தது.

"அத்தை, புதுப் பட்டு வாங்கித் தர்றேன். நீங்க நிக்கிறது கண்டக்டர் ரெஜிக்குத் தெரியலையாம். நீங்கன்னு தெரிஞ்சா விசிலடிப்பானா?"

"நானில்லாம வேற யாராவது நின்னா?"

"பசங்க சேத்தோட ஏறும், மத்தவங்க மொகஞ் சுளிப்பாங்க. நின்னு ஏத்தறதுக்குள்ள மெயின் ரோட்டுல வேற பஸ்காரன் முந்திடுவான். தொழில் அப்படி அத்தை. பண்டிகை முடியட்டும், பாக்கலாம்."

பண்டிகை முடியட்டும். திங்களன்று இதே வார்த்தையை நானும் ஒருத்தியிடம் சொன்னேன்.

அவன் போனதும் சலோமிக்கு ஆள் அனுப்பினேன். "நீ முதல்ல எழுதினதையே வாசி."

அவள் முகம் விழுந்துவிட்டது. "கஷ்டப்பட்டு மனப்பாடம் பண்ணிட்டேன் பாயம்மா! இப்ப போய் மாத்துறீங்களே!"

செப்டம்பர் 7, வியாழன்

பாதரிடம் தாளைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"இருபது சொல்லுக்கு மேல இருக்கே மேடம்?"

"விதி போட்டது நான். நானே தளர்த்திக்கிறேன்."

"கரும்பு குடுக்கிறவருன்னு டென்சில் முதல் வரிசையில மெழுகுதிரியோட உக்காந்திருப்பாரு. யோசிச்சீங்களா?"

யோசித்தேன். நேற்றிலிருந்து வேறு எதையும் யோசிக்கவில்லை. சொந்த வீட்டு மானத்தைப் பீடத்தில் வைத்துப் பேசுகிறவளா நான்? அவன் என்னை விட்டுப் போய்விட்டால் எனக்கு யார்? ஆண்டவரே, உம்மிடம் இருபத்திரண்டு வருடமாக ஊர் பெயர், ஆள் பெயர் இல்லாமலே வேண்டினேன். அது எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

செப்டம்பர் 8, வெள்ளி — பண்டிகை

ஒழுங்காக, நடந்தபடி எழுதுகிறேன்.

கோவில் நிறைந்திருந்தது. புதுக் கதிர் மந்திரித்தாகிவிட்டது. முதல் நான்கு மன்றாட்டுகளையும் நான் வாசித்துவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன். ஐந்தாவதற்குச் சலோமி, மைக் எட்டுவதற்காகப் போட்ட பலகைமேல் ஏறினாள். நேராக நின்றாள். எட்டேகால், அப்பொலின், பதவு முக்கு, இரண்டு விசில், ஐந்து பேர், கால் துடைப்பது — ஒன்றையும் விடவில்லை. கடைசியில், நான் சொல்லித் தந்தபடியே நிறுத்தி, "ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்" என்றாள்.

இதற்குச் சபை பதில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. விசிறிச் சத்தம் மட்டும். பாடகர் வரிசையில் கண்டக்டர் ரெஜி பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டான். டென்சிலின் காது பின்னாலிருந்து பார்க்கும்போதே சிவந்திருந்தது. அந்தப் பெண் பலகைமேல் நிற்கிறாள். பதில் வந்தால்தான் அவள் இறங்கலாம், அப்படித்தான் பழக்கியிருக்கிறேன்.

நான் சொன்னேன். தனியாக. மைக் இல்லாமல்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

எனக்குப் பின்னால் லூசி. பிறகு ஒரு வரிசை, பிறகு பத்து வரிசை, பிறகு கோவில் முழுவதும். நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன், வெட்கமில்லாமல். டென்சிலின் வாயும் அசைந்தது. பூசையில் வாய் மூடி இருக்க அவனை வளர்க்கவில்லை.

வாசலில் பிள்ளைகளுக்குக் கரும்பு அவன் கையால்தான் கொடுத்தான். சலோமி வந்தபோது கரும்புக் கட்டைக் கிளறினான். நீளமான கழியாகப் பார்த்துக் கொடுத்தான். என்னிடம் மட்டும் வந்து, "வீட்டு விஷயத்தக் கோவில்ல ஏலம் போட்டுட்டீங்க அத்தை," என்றான். போய்விட்டான்.

புதுக் கதிர் போட்ட பாயசத்துக்கு அவன் வரவில்லை. இது முதல் தடவை. அவன் இலையைப் போட்டு வைத்திருந்தேன். நானும் லூசியும் சாப்பிட்டோம். நீலப் பூ டப்பா ஒன்று வாசலில் இருந்தது. யார் வைத்தது என்று கேட்கவில்லை. மேசைமேல் எடுத்து வைத்தேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

அவன் வரவில்லை. பிலிசிதா பூசை முடிந்து நின்றாள்: "என்ன முடிவு பாயம்மா?" வேலைக்கு எடுக்க மாட்டேன் என்றேன். மங்களூருக்கும் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன்.

செப்டம்பர் 11, திங்கள்

புதுக் கதிர் சாப்பாட்டுக்கு வராதவர்களுக்குப் பங்கு அனுப்புவதுதான் வழக்கம். பாயசம் புதிதாகக் காய்ச்சி, பண்டிகைக் கதிர் மணி ஏழு போட்டு, தூக்குச்சட்டியில் ஊற்றினேன். யாரிடம் கொடுத்தனுப்புவது? அவன் பஸ்ஸில்தான்.

எட்டு மணிக்குப் பதவு முக்கு. பழைய பருத்திச் சேலை, முன்னெச்சரிக்கை. சலோமி இந்த முறை தள்ளி நிற்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் கால்களைப் புல்லில் துடைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

வளைவில் திரும்பியது. ஒரு விசில். ஒன்றுதான்.

நின்றது.

"ஏறுங்க, ஏறுங்க, சீக்கிரம்!" ரெஜி என் முகத்தைப் பார்க்கவில்லை. "முதலாளி சொல்லிட்டாரு பாயம்மா. கோவில்ல எல்லாரும் கேட்டுட்டாங்க, இனி நிக்காம போனா ஊரே விசிலடிக்கும்னாரு."

"இத முதலாளிகிட்ட குடு. சிந்தக் கூடாது."

மாலையில் தூக்குச்சட்டி திரும்பி வந்தது. கழுவியிருந்தது. நெய்ப் பிசுக்கு போகவில்லை, ஆண்பிள்ளை கழுவியது.

செப்டம்பர் 17, ஞாயிறு

டென்சில் மதியம் வந்தான். கோபம் பாதி மிச்சம். "பாயசத்துல சர்க்கரை கம்மி," என்றான். மூன்று தடவை கறி வாங்கிக்கொண்டான்.

செப்டம்பர் 25, திங்கள்

பல் டாக்டரைப் பார்க்க டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. கோவில் ஸ்டாப்பில் நின்றேன். அப்பொலின் எட்டு நிமிடம் லேட். பக்கத்தில் நின்ற மார்சலின் அலுத்துக்கொண்டாள்: "உங்க தம்பி மகன் பஸ் இப்பல்லாம் கண்ட எடத்துல நிக்குது. மணிக்கணக்கே இல்ல."

"ஆமா," என்றேன். என் வாழ்நாளில் தாமதத்துக்கு நான் கோபப்படாத முதல் தடவை இதுவாக இருக்கும்.

ஏறினேன். இடமில்லை. ஐந்து பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்து யாரோ ஒருத்தியின் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டித்தேன். சலோமி துள்ளி எழுந்தாள்.

"பாயம்மா, இங்க ஒக்காருங்க! — ஐயோ, இருங்க, சேறு."

கைக்குட்டையைத் தேடினாள். வெளிர்நீலப் பட்டு உடுத்தியிருந்தேன். செம்மண் கறை இன்னும் முழுவதும் போகவில்லை. ஸீட்டில் ஈரம் காயாத ஒரு சின்னக் கால் தடம் இருந்தது.

அதன்மேலேயே உட்கார்ந்தேன்.