இன்னும் பூக்கலண்ணே

அண்ணே,

நேற்றைய மழை நம் கொல்லையில் இறங்கவே இல்லை. செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வரப்பைத் தாண்டி ரோட்டுக்கு ஓடியது. வெயில் வந்ததும் மேல்மண்ணைக் கிள்ளிப் பார்த்தேன். ஓடு மாதிரிப் பெயர்ந்தது.

போன புரட்டாசியில் நீயும் அப்படித்தான் கிள்ளிப் பார்த்தாய். “அப்பா டிராக்டர்ல ரோட்டவேட்டர ஓட்டி ஓட்டி மண்ண மாவாக்கிட்டாரு. மாவுல தண்ணி எங்கிட்டு இறங்கும்?” என்று சொல்லிப் பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பு விதைத்தாய். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஊரே களை எடுக்குது. ஒன் அண்ணன் களைய வெதைக்கிறான்.”

திருப்பூர் வேலைக்குக் கிளம்பும்போது என்னிடம் ஒன்றுதான் சொன்னாய். “பூத்ததும் டிராக்டர்காரர்ட்ட சொல்லிரு. பூவோட மடக்கி உழுதுரணும். விட்டா தண்டு நாராயிரும்.”

கார்த்திகையில் கொல்லை மஞ்சளாகப் பூத்தது. டிராக்டர்காரர் டீக்கடையில் பத்துப் பேரோடு நின்றார். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தும் எழுந்திருக்காதவள் நான். ஒன்பதாவதோடு நின்ற பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை. மூன்று நாள் கடைவரை போய்த் திரும்பினேன். நீ போனில் கேட்டாய். “இன்னும் பூக்கலண்ணே” என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன்.

நீ வந்தபோது செடியெல்லாம் காய். தண்டு ரோட்டவேட்டர் கத்தியில் சுற்றிக்கொண்டது. “கயிறு திரிக்கவா வெதச்சீங்க?” என்று டிராக்டர்காரர் கேட்டார். நீ ஒரு காயை உடைத்துப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். எப்போது பூத்திருக்கும் என்று உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை.

மார்கழியில் கடலை போட்டோம். மக்காமல் கிடந்த தண்டுக்குக் கரையான் வந்தது. தண்டை முடித்துவிட்டுக் கடலைக்கு வந்தது. பிடுங்கிய செடியிலெல்லாம் ஓட்டை விழுந்த காய்கள். “ஒன் புத்தி எம் மண்ணத் தின்னுருச்சு” என்றார் அப்பா. அதோடு உன்னிடம் பேசுவதை நிறுத்தினார். தலைகுனிந்து நின்றாயே தவிர, என் பெயரைச் சொல்லவில்லை. ஆனியில் ஆலங்குடி ரோட்டில் லாரி மோதி நீ போன நாள்வரை அவர் பேசவில்லை.

அந்தப் பழியை இன்னும் நீதான் சுமக்கிறாய். இன்று காலையும் அப்பா சொன்னார், “நாளைக்கு ரோட்டவேட்டர் வருது, ரெண்டு சால் ஓட்டிரலாம். அவன் வச்சிட்டுப்போன சணப்பு வெதையக் குப்பையில கொட்டு.”

விதைச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனேன். அங்கிருந்து திரும்பி அப்பா முன்னால் வந்து நின்றேன்.

“அண்ணன் சரியாத்தான் சொல்லிட்டுப் போச்சுப்பா. பூத்தத நான்தான் சொல்லல” என்றேன்.