சாயத் தண்ணீர் குடித்த செம்பருத்தி

அன்பிலும் வம்பிலும் எனக்குச் சரிசமமாக நின்ற அமுதாவுக்கு,

நீ இருந்திருந்தால் நேரில் வந்து கத்தியிருப்பேன். இப்போது எழுத வேண்டியிருக்கிறது. உன் புருஷன், என் அருமைத் தம்பி, செய்து வைத்த காரியத்தைக் கேள்.

கிணற்றடியில் நீ வைத்தாயே செம்பருத்தி, அந்த ஐந்து இதழ் நாட்டுச் செடி, அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் காமாட்சி அம்மனுக்கு அதில் பறித்துக்கொண்டு போவாய். தம்பி பட்டுக்குச் சாயம் போடும்போதெல்லாம் அவனைச் சீண்டுவாய். "ஊரான் பட்டுக்கெல்லாம் அரக்கு கலர் ஏத்துறீங்க, என் பூ மட்டும் வெளுத்துக் கெடக்குது பாருங்க." நீ விளையாட்டாகச் சொன்னாய். அவன் மனசில் வைத்துக்கொண்டுவிட்டான்.

உன் முதல் திதி நெருங்கிய நேரம். அண்டாவில் மிஞ்சிய அரக்குச் சாயத் தண்ணீரைச் சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய் வேரில் ஊற்றியிருக்கிறான். சாயம் பிடிக்கப் போட்ட அமிலமும் அதில்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். பூ நன்றாகச் சிவக்கும், உன் படத்துக்கு வைக்கலாம் என்ற நினைப்பில் மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

இலையெல்லாம் கருகிக் கொட்டிவிட்டது. நான் ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்து பார்த்தால், கையில் கடப்பாரையோடு நிற்கிறான்.

"அக்கா, நீ உள்ள போ. இதப் புடுங்கிட்டு சிமெண்ட் போட்டுடறேன்."

"இன்னாத்துக்குடா?"

"புள்ளையா குட்டியா? அவ வெச்சதுன்னு இது ஒண்ணுதான் உசுரோட இருந்துச்சி. அதையும் கொன்னுட்டேன். தெனம் இது மூஞ்சில முழிக்க என்னால ஆவாதுக்கா."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கடப்பாரையைப் பிடுங்கி ஓரமாகப் போட்டேன். தண்டை நகத்தால் கீறிப் பார்த்தேன். மேலே வெறும் காய்ந்த குச்சி. கீழே, வேருக்குப் பக்கத்தில் கீறியபோது தோலுக்கடியில் பச்சை தெரிந்தது.

"கண்ணத் தொறந்து பாருடா. சாவல."

அவன் பார்க்கவே இல்லை, அமுதா.

அன்றைக்கு நானும் ஒரு முடிவுக்கு வந்தேன். சிவந்து ஊறிப்போயிருந்த மண்ணை அள்ளி வெளியே கொட்டினேன். காய்ந்த கிளைகளைப் பச்சை தெரிகிற இடம் வரை வெட்டினேன். தென்னேரியில் இருக்கிற என் சம்பந்தி வீட்டிலிருந்து ஏரி வண்டல் ஒரு மூட்டை வரவழைத்துப் போட்டேன். மூட்டு வலியோடு ஆட்டோ ஏறி வந்து தண்ணீர் ஊற்றினேன். "பொழைக்காதுக்கா" என்பான். "நீ வாய மூடு" என்பேன்.

திதி வந்து போனது. உன் படத்துக்குக் கடையில் வாங்கிய சாமந்திதான். அவன் கிணற்றடிப் பக்கமே போகவில்லை, பல் விளக்கக்கூடத் தெருக்குழாய்க்குப் போனான். தட்டில் பாதிச் சோறு அப்படியே மிஞ்சும். நான் பயந்தது செடிக்காக மட்டுமா?

மழை பிடித்த பிறகு அடித்தண்டில் ஒரு துளிர் விட்டது. கூப்பிட்டுக் காட்டினேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான், தொடவில்லை. மறுநாளிலிருந்து தண்ணீர் ஊற்றுவது அவன் வேலையாகிவிட்டது. ஊற்றுவதற்கு முன்னால் குடத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறான், கிணற்றுத் தண்ணீரை. நீ பார்த்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பாய்!

போன வெள்ளிக்கிழமை பூத்துவிட்டது. ஒரே ஒரு பூ. உன் படத்துக்கு வைக்கலாம் என்று கையை நீட்டினேன். தடுத்துவிட்டான்.

"வாணாம்க்கா, பறிக்காத."

"பறிக்காட்டியும் சாயங்காலம் வாடிடும்டா."

"வாடட்டும். அது வாடற வரிக்கும் நான் இங்க ஒக்காந்துக்கினு இருக்கறேன்."

இட்லியைத் தட்டில் போட்டுக் கிணற்றடிக்கே எடுத்து வந்து கொடுத்தேன். பூவைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, இன்னும் இரண்டு கேட்டான், அமுதா.

அதனால் உன் படத்துக்குச் செம்பருத்தி வராது. கோபித்துக்கொள்ளாதே, கோபித்தாலும் எனக்குக் கவலையில்லை. அது உனக்கு இல்லை இனிமேல், அவனுக்கு. அந்தச் செடியையும் விடமாட்டேன், அவனையும் விடமாட்டேன். என் கால் நடக்கிற வரைக்கும் இது சத்தியம்.

உன் நாத்தனார்,
செல்வி