ஆறு பத்துக்கு ஓடும் மோட்டார்

மார்ச் 3
குளிர்பதனக் கிடங்கில் இரண்டாம் கம்ப்ரஸர் மறுபடி மக்கர். சரி செய்து முடித்து மதியம் சும்மா இருந்தேன். ஊர் மின்வாரியத்தின் தளத்தில் எங்கள் பழைய வீட்டின் இணைப்பு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். எல்லை தாண்டி நாலு வருடம் ஆகிறது. செத்த இணைப்பு என்று வரும் என நினைத்தேன். மின் பயன்பாட்டு வரைபடம் வந்தது. நேற்று வரை மின்சாரம் ஓடியிருக்கிறது.

எவனோ உள்ளே புகுந்திருக்கிறான். வேறென்ன?

மார்ச் 5
வரைபடத்தைப் பார்த்து எந்த இயந்திரம் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. இது மோட்டார். தொடங்கும்போது ஊசி மாதிரி ஓர் ஏற்றம். காலை ஆறு பத்துக்கு ஒன்று. நின்று, ஆறு இருபதுக்கு இன்னொன்று. தினமும்.

எங்கள் கிணற்று மோட்டார் முதல் தடவை தண்ணீர் பிடிக்காது. அப்பா நிறுத்துவார், குழாயில் தண்ணீர் ஊற்றுவார், பத்து நிமிடம் விட்டு மறுபடி போடுவார். அந்த மோட்டாரை வைத்திருக்கிற எவனும் அப்படித்தான் செய்தாக வேண்டும். சரி. ஆனால் அப்பா போடுகிற அதே ஆறு பத்துக்கு ஏன்?

மற்ற நேரமெல்லாம் கோடு தரையோடு கிடக்கிறது. ஒரு விளக்குகூட எரியவில்லை. இருட்டிலா குடியிருக்கிறான்?

மார்ச் 8
முட்டாள்தனம் செய்துவிட்டேன். அகதிகள் அலுவலகத்தில் திரும்பிப் போகிறவர்களின் பட்டியல் எடுக்கிறார்கள். ஏப்ரல் பத்து கடைசி. போவதா வேண்டாமா என்று அப்பா இழுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு ஆள் இருக்கிறான், ஆசையை விடுங்கள் என்று சொல்லத்தான் வரைபடத்தைக் காட்டினேன்.

அவர் இரண்டு ஊசிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "வேற ஆளா? வேற ஆள் பேச்ச அந்தக் கிணறு கேக்குமாடா?"

"அது மோட்டார்ப்பா. யார் சுவிட்ச் போட்டாலும் ஓடும்."

"பெரிய இன்ஜினியர் நீ. செத்த வீட்டுக்கு நாடி அடிக்குமா, சொல்லு."

அம்மா அடுப்படியிலிருந்து, "சும்மா கிடந்தவரக் கிளப்பி விட்டுட்டியே" என்றாள்.

மார்ச் 9
அப்பா பெயர் கொடுத்துவிட்டார். அம்மா போகமாட்டாளாம். "அங்க கண்ணிவெடி இன்னும் எடுத்து முடிக்கல. சாகணும்னா அவர் மட்டும் போகட்டும்." சொல்லிவிட்டு அவருடைய சர்க்கரை மாத்திரையை மூன்று மாதத்துக்குப் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 17
போய்ப் பார்த்துவரும் குழுவோடு ஊருக்குப் போன வேன்காரர் எங்கள் வீட்டைப் படம் எடுத்து அனுப்பினார். வீடு இல்லை. மண்மேடு, புல். முன்சுவரில் ஒரு துண்டு மட்டும் நிற்கிறது, மீட்டரோடு. உடனே கூப்பிட்டேன்.

"அண்ணே, கிணறு?"

"மூடிக் கிடக்கு தம்பி. மண்ணு."

"மீட்டர்லேருந்து வயர் எங்க போகுது?"

"கீழ. மண்ணுக்குள்ள."

"கொஞ்சம் தோண்டிப் பாருங்களேன்."

"இங்கயா? எனக்கு ரெண்டு காலும் வேணும்ப்பா."

எவனோ மண்ணுக்கடியில் இழுத்துத் திருடுகிறான். அவ்வளவுதான். சுற்றிலும் ஒரு வீடு இல்லையே, யார் திருடுவது — அதை யோசிக்காதே.

மார்ச் 18
அம்மா தடுத்தும் கேட்காமல் அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"எப்ப எடுத்தது?"

"நேத்து காலையில, ஏழு மணிக்கு."

"நேத்து மோட்டார் ஓடுச்சா?"

பொய் வரவில்லை. ஓடியது என்றேன்.

"அப்புறம் என்ன?" என்று சட்டைகளை மடிக்கப் போய்விட்டார்.

சர்க்கரைக்காரர், அறுபத்திரண்டு வயது, வெடி புதைந்த மேட்டில் கூடாரம் போட்டுக் குடியிருக்கப் போகிறார். ஒரு கோட்டை நம்பி. நான் காட்டிய கோடு.

மார்ச் 23
இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி அப்பா பெயரில் விண்ணப்பம் போட்டேன். கையெழுத்தும் நானே.

மார்ச் 28
துண்டித்துவிட்டார்கள். காலை முழுக்கக் கோடு அசையவில்லை. அப்பாவிடம் காட்டினேன். யார் துண்டித்தது என்று கேட்கவே இல்லை.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சுப்பா."

"அப்ப சரி. இனி அங்க நமக்கு என்ன வேலை."

பட்டியலிலிருந்து பெயரை எடுக்க அம்மாவும் கூடப் போனாள். நான் நினைத்தது நடந்துவிட்டது. இருந்தும் வரைபடத்தை மூடவில்லை.

ஏப்ரல் 2
ஆறு பத்து. ஆறு இருபது.

ஏப்ரல் 3
பழைய பதிவு மறுபடி ஓடுகிறதா என்று ஒவ்வொரு நாளாக ஒப்பிட்டேன். எதோடும் பொருந்தவில்லை. புதுசு.

மின்வாரியத்துக்குப் போன் போட்டேன். எழுத்தர் சிரித்தார். "மீட்டரையே கழட்டிக் கொண்டாந்தாச்சு சார். என் மேசைக்கு அடியிலதான் கிடக்கு."

"அப்ப இதை எது அளக்குது?"

"சிஸ்டம் கோளாறா இருக்கும்."

எனக்கும் பதில் தெரியாதபோது நான் சொல்வது அதுதான்.

ஏப்ரல் 6
அப்பா இப்போதெல்லாம் எட்டு மணி வரை தூங்குகிறார். முகம் தெளிந்திருக்கிறது. ஆறு பத்துக்கு விழித்திருப்பவன் இந்த வீட்டில் நான் மட்டும். மோட்டார் ஓடுவதைச் சொல்லக் கூடாது. சொன்னால் கிளம்பிவிடுவார். ஆனால் யாராவது பார்த்தாக வேண்டும் அல்லவா?

ஏப்ரல் 10
பட்டியலின் கடைசி நாள். அகதிகள் அலுவலகத்தில் இருந்த பெண் கணினியைப் பார்த்துப் படித்தார். "திரும்பிப் போக என்ன காரணம் தம்பி? பாதுகாப்பு, நிலம், வேலை, உறவினர். எது?"

"எதுவும் இல்லை மேடம்."

"ஒன்னாவது போடணும். இல்லன்னா இது எடுக்காது."

"நீங்களே பாத்துப் போடுங்க."

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு 'உறவினர்' என்று போட்டார்.

பேருந்து பதினான்காம் தேதி. கிடங்கில் சொல்லிவிட்டேன். வீட்டில் இன்னும் இல்லை. வரும் வழியில் சிறிய மண்வெட்டி ஒன்று வாங்கினேன்.