ராட்டா மரமும் ஈரல்செடியும்

ஹோகிடிகா
4 டிசம்பர் 1993

என் மெரேயானாவுக்கு,

ராட்டா பூத்துவிட்டது. மலைச்சரிவு முழுக்கச் சிவப்பு. போகிற வண்டியெல்லாம் நம் வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறது. மூன்று மாத ஆராய்ச்சி வேலை என்று டனீடன் போனாய், பதினான்கு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டு ஹுயானா நேற்று, "ஒரு பாசிக்காகவா புருஷனை விட்டுட்டுப் போனா?" என்று கேட்டாள். பூவுமில்லை, வேருமில்லை, அதில் அப்படி என்னதான் இருக்கிறது? கிறிஸ்துமஸுக்காவது வா.

உன் ராவிரி

டனீடன்
9 டிசம்பர்

அன்புள்ள ராவிரி,

பாசியில்லை, ஈரல்செடி. பாசி மாதிரி ஒட்டிப் படரும், ஆனால் வேறு இனம். ஹுயானாவிடமும் சொல். உன் மரத்தில் ஒரே பூவுக்குள் ஆணும் பெண்ணும் இருக்கும், தேனுக்கு வரும் குருவி மீதியைப் பார்த்துக்கொள்ளும். என் செடியில் ஆண் தனி, பெண் தனி. நடுவில் தண்ணீர் ஓடினால்தான் ஒன்றுக்கொன்று எட்டும்.

வீட்டில் நான் பதினோரு வருஷமாக அளந்துவந்ததைப் பார்க்க வருகிறேன். உன்னையும்தான். இருபத்திரண்டாம் தேதி பஸ். இங்கே இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். நேரில் பேசி முடிவு செய்வோம்.

மெரேயானா

ஹோகிடிகா
14 டிசம்பர்

மெரேயானா,

இதைப் படித்துவிட்டு வராமல் இருந்துவிடாதே. நீ வருகிற சந்தோஷத்தில், தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துக் கொல்லைப் படிகளைக் கழுவினேன். உன் செடி ராட்டா அடிமரத்தில் மெத்தை மாதிரி இருப்பதுதான் என்று நினைத்து, அதன்மேல் ஒரு சொட்டுப் படாமல் பார்த்துக்கொண்டேன். கழுவி முடித்த பிறகுதான் படியோரச் சுவரில் நீ கீறிவைத்த கோடுகளைப் பார்த்தேன். பதினோரு தேதிகள்.

மண்டியிட்டுத் தேடினேன். மூன்றாம் படிக்கு அடியில் உன் செடி கட்டைவிரல் நகமளவு பச்சையாக மிச்சமிருக்கிறது. இத்தனை வருஷத்தில் நீ எதை அளக்கிறாய் என்று ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. நீ ஏன் போனாய் என்று இப்போதுதான் புரிகிறது. மன்னித்துவிடு.

ராவிரி

டனீடன்
18 டிசம்பர்

அடப்பாவி,

சமையலறைச் சன்னலைக் கழுவச் சொல்லி எத்தனை வருஷம் கெஞ்சினேன்! அதை விட்டுவிட்டுப் படியையா கழுவினாய்? அழுதேன் ராவிரி. உன் முட்டிவலியோடு நீ மண்டியிட்டதை நினைத்துச் சிரிக்கவும் செய்தேன்.

நகமளவு போதும், பிழைத்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீர் ஊற்றாதே, மழை பார்த்துக்கொள்ளும். பழைய அளவுக்கு வர எட்டுப் பத்து வருஷமாவது ஆகும். மாதாமாதம் அளக்க வேண்டும், அதை உன்னிடம் விட முடியாது. இங்கே இனி வேலை வேண்டாம் என்று இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பஸ்ஸுக்குப் பெரிய வண்டியைக் கொண்டு வா. ஒன்பது பெட்டிகள்.

உன் மெரேயானா